தயிருக்குச் சக்கரையா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. ஜூன் காலாண்டுக் கணக்கு முடிப்பு, அது முடிந்ததும் ஆடிட், நடுவில் பிராஞ்சில் இரண்டு பேர் ட்ரான்ஸ்ஃபர். வழக்கமான சாக்குகள்தான், விடுங்கள். இன்று என்னை எழுத உட்கார வைத்தது ஒரு கிண்ணம் தயிர்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் ஒரு சனிக்கிழமையை 'எங்கள் வீட்டு உணவு' நாளாக வைத்திருந்தார்கள். அடுப்பில்லாமல் செய்கிற பண்டமாக இருக்க வேண்டும், பிள்ளைகளே செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு அட்டையில் மூன்று விவரம்: உணவின் பெயர், செய்முறை, எந்த ஊர் உணவு. மகள் யோசிக்கவே இல்லை. தோழி வீட்டில் சாப்பிட்ட இனிப்புத் தயிரைச் செய்யப்போகிறேன் என்றாள். கெட்டியான தயிரில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, ஆப்பிள், கொய்யா, வாழைப்பழத் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கு 'டிப்' என்கிறார்கள்.

உடுமலையிலிருந்து அம்மா வந்திருந்த சமயம் அது. தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தயிருக்குச் சக்கரையா? இதென்ன அம்முணி கூத்து! தயிருன்னா உப்புப் போட்டுப் பெசஞ்சு திங்கறது, இல்லாட்டி மோராக் கரைச்சுக் குடிக்கறது. நம்ம ஊருப் பண்டமா ஒண்ணு எடுத்துட்டுப் போ சாமி."

மகள் கேட்டாள்: "எது ஆத்தா நம்ம ஊரு?"

அவள் வாயாடவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். இரண்டு வயதில் பவானிபூர் வந்தவள். உடுமலைக்கு வருடம் ஒருமுறை போகிறாள், பத்து நாளில் திரும்பிவிடுகிறாள். அம்மா பதில் சொல்லாமல் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் செய்தித்தாளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டேன். தங்கமணி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். வெளியூரில் குப்பை கொட்டும் நமக்கெல்லாம் அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

நான் பி.காம். படித்தவன். வரலாறு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கணக்கு உதைத்தால் பழைய லெட்ஜரைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. 'தயிரில் சர்க்கரை போடுவது நம் வழக்கமில்லை' என்கிற பதிவு சரியா என்று பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன். அதற்கு முதலில் எங்கள் தெருவைத் தாண்டவே தேவையிருக்கவில்லை.

பவானிபூரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தெற்குக் கொல்கத்தாவின் பழைய பேட்டைகளில் ஒன்று. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 24 அக்டோபர் 1984 அன்று எஸ்பிளனேடில் கிளம்பி வந்து நின்றது இங்கேதான். அன்று அந்த நிலையத்தின் பெயர் பவானிபூர், இன்று நேதாஜி பவன். ஜதுபாபு பஜார் பக்கம் போனால் பலராம் மல்லிக் மிட்டாய்க் கடை. 1885ல் தொடங்கியது. அதாவது நம்ம காங்கிரஸ் கட்சிக்கும் அந்தக் கடைக்கும் ஒரே வயசு :) இன்னொரு பக்கம் குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தெருக்கள். அவர்கள் நடத்தும் பள்ளி, அவர்கள் ருசிக்கான பலகாரக் கடைகள் எல்லாம் இங்கே உண்டு. ஆக, எங்கள் பேட்டையில் பத்து நிமிட நடையில் இரண்டு வகை இனிப்புத் தயிர் கிடைக்கும். இரண்டும் பார்க்கத்தான் ஒரே சாதி. பிறப்பும் வளர்ப்பும் வேறு வேறு.

முதலாவது வங்காளிகளின் மிஷ்டி தொய். பாலைச் சுண்டக் காய்ச்சுவார்கள். சர்க்கரையைச் சிவக்கக் காய்ச்சி அதில் சேர்ப்பார்கள். அந்த லேசான செம்மண் நிறம் அதனால் வருவது. வெதுவெதுப்பான பதத்தில் உறை ஊற்றி மண் சட்டியில் விட்டு, கம்பளியோ சாக்கோ போர்த்தி ஆடாமல் அசையாமல் வைத்துவிடுவார்கள். நாம் வீட்டில் வைக்கும் தயிர் வெயில் நாளில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். மிஷ்டி தொய்க்கு ஓர் இரவு வேண்டும். காரணம், முன்னாலேயே சேர்த்துவிட்ட சர்க்கரை. அவ்வளவு இனிப்பில் உறை நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். மண் சட்டியின் பங்கும் பெரிது. அதன் நுண்துளைகள் தயிரின் நீரை உறிஞ்சி மெல்ல வெளியே விடுகின்றன. அதனால் தயிர் இறுகுகிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் வருகிற மிஷ்டி தொய் ஏன் அந்த ருசியில் இல்லை என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதுதான்.

நதியா மாவட்டத்து நவத்வீபின் 'லால் தொய்' பேர்போனது. பாலும் சர்க்கரையும் மணிக்கணக்கில் சிறு தீயில் கிடந்து தானாகவே சிவந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் பொகுரா ஊர்த் தயிருக்குப் பங்களாதேஷ் அரசு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. 1947ல் கோடு கிழித்தார்கள். கோட்டைத் தாண்டி வந்த குடும்பங்கள் வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், நாக்கை மட்டும் விட முடியவில்லை. எங்கள் பிராஞ்சுக்கு வரும் ஒரு பெரியவர் எந்தத் தயிரைச் சாப்பிட்டாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க அப்பா சொல்ற பொகுரா தயிர் மாதிரி வராது" என்பார். அவர் பொகுராவைப் பார்த்ததே இல்லை!

இங்கே தயிர் வெறும் சாப்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளைகளின் நெற்றியில் தயிரால் பொட்டு வைத்து அனுப்புவார்கள். வட இந்தியாவில் வெளியே கிளம்பும்போது ஒரு கரண்டி தயிரும் சர்க்கரையும் வாயில் போடுவது போல. முதல் வருடம் பக்கத்து வீட்டு காக்கீமா என் மகளுக்கு அந்தப் பொட்டை வைத்தபோது, நான் அவசரமாகக் கைக்குட்டை எடுத்துத் துடைக்கப் போய் அசடு வழிந்தது தனிக்கதை.

இரண்டாவது, குஜராத்தி, மராத்தி வீடுகளின் ஸ்ரீகண்ட். இங்கே வரிசை தலைகீழ். முதலில் சாதாரணத் தயிர். அதை மெல்லிய துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, நீர் முழுக்க வடிந்ததும் கிடைக்கும் கெட்டித் தயிருக்கு 'சக்கா' என்று பெயர். அதன் பிறகுதான் சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ. வங்காளி உறைவதற்கு முன்னால் இனிப்புச் சேர்க்கிறார். குஜராத்தி வடித்த பின்னால் சேர்க்கிறார். ஒருவர் முன்பணம் கட்டுகிறார், இன்னொருவர் முதிர்வில் வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். (மன்னிக்கவும், தொழில் புத்தி.)

என் மகள் கேட்ட 'டிப்', ஸ்ரீகண்டின் தங்கைதான். பழத் துண்டில் ஒட்ட வேண்டுமானால் தயிரில் தண்ணீர் இருக்கக் கூடாது. அதற்கு வடிகட்டுவதுதான் வழி. கடை ஸ்ரீகண்டில் ஒரு சிக்கல், இனிப்பு திகட்டும். தண்ணீர் நீக்கிய எடையில் 72.5 சதவீதம் வரை சர்க்கரை இருக்கலாம் என்று நம் நாட்டு உணவுத் தர விதியே அனுமதிக்கிறது. பழத்திலேயே இனிப்பு இருக்கும்போது அவ்வளவு எதற்கு?

சரி, இது எத்தனை பழசு? கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 12ஆம் நூற்றாண்டில் 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலை எழுதினான். ராஜா எழுதிய நூல், அதனால் யானை பிடிப்பதிலிருந்து சாப்பாடு வரை எல்லாம் இருக்கும். சாப்பாட்டுப் பகுதியில் 'சிகரிணி' வருகிறது. நீர் வடித்த தயிரில் சர்க்கரையும் வாசனைப் பொருளும் கலந்தது. அந்தக் கல்யாணி இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண். ஸ்ரீகண்ட் என்ற பேரே சிகரிணியிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. 'ரசாலா' என்று இதற்கு இன்னொரு பேர். அதை முதன்முதலில் செய்தவன் பீமன், ருசித்துப் பார்த்தவன் கிருஷ்ணன் என்று ஒரு பழங்கதையும் இருக்கிறது. மத்தியஸ்தத்துக்கு வந்தவருக்கு முதலில் ஸ்வீட் கொடுத்திருக்கிறார்கள் போல.

அதற்கும் முந்தியது சரக சம்ஹிதை. வைத்திய நூல். தயிரை ராத்திரி சாப்பிடாதே, சும்மாவும் சாப்பிடாதே என்கிறது. நெய், சர்க்கரை, தேன், நெல்லிக்காய், பாசிப்பயற்றுச் சாறு, இவற்றில் ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டுமாம். பட்டியலில் சர்க்கரையும் இருக்கிறது, தேனும் இருக்கிறது. ஆக, தயிருக்குச் சர்க்கரை சேர்ப்பது நேற்றைய ஃபேஷன் இல்லை என்பது ருசுவாகிவிட்டது.

வெளிநாட்டில் பார்த்தால் பழமும் தயிரும் கடைச் சரக்காகச் சேர்ந்தது சமீபத்தில்தான். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1919ல் ஐசக் கராஸோ தொடங்கிய டனோன் நிறுவனம் முதலில் விற்றது வெறும் தயிர். பிராகில் ஒரு பால் நிறுவனம் 1933ல் ஜாம் சேர்த்த தயிருக்குக் காப்புரிமை வாங்கியது. அமெரிக்கர்கள் கிண்ணத்தின் அடியில் பழம் வைத்த தயிரைப் பரவலாகப் பார்த்தது 1947க்குப் பிறகு. தயிரின் புளிப்பு பிடிக்காத ஊரில் அதை விற்பதற்குப் பழமும் சர்க்கரையும் உதவின. இதைப் படித்துவிட்டு 'எல்லாம் நம்மிடமிருந்து போனது' என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ள வேண்டாம். பால் இருக்கிற ஊரில் தயிர் இருக்கும், தயிர் இருக்கிற வீட்டில் ஒரு குழந்தை 'புளிக்குது' என்று முகம் சுளிக்கும். அப்புறம் அந்த அம்மா என்ன செய்வார் என்று கண்டுபிடிக்க ராஜா எழுதிய புத்தகம் தேவையில்லை.

ஆனால் இத்தனையும் சாளுக்கியர் கதை, வங்காளிக் கதை, குஜராத்திக் கதை. அம்மா சொன்னது 'நம்ம ஊர்' பற்றி. அதற்கு என்ன பதில்?

குறுந்தொகையின் 167வது பாட்டு நினைவுக்கு வந்தது. கூடலூர் கிழார் பாடியது. புதுசாகக் குடித்தனம் போன பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைந்து, கட்டிய சேலையில் விரலைத் துடைத்து, தாளித்த புகை கண்ணில் படக் குழம்பு வைக்கிறாள். கணவன் ரசித்துச் சாப்பிடுகிறான், அவள் முகம் லேசாக மலர்கிறது. அருமையான பாட்டு. ஆனால் அது புளிப்புக் குழம்பு, அம்மா கட்சிக்குத்தான் ஒரு ஓட்டு. வாழைப்பழமோ அன்னாசியோ போட்ட தயிர்ப் பச்சடி சில வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் இல்லை. அட்டையில் 'தமிழ்நாடு' என்று எழுதச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. சரி, முதலில் செய்து பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை வைத்தோம்.

செய்முறை இதுதான். அரைக் கிலோ புளிக்காத தயிர். சுத்தமான பருத்தித் துணியில் கட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து நாலு மணி நேரம் தொங்க விடவும். கொல்கத்தாப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் புளித்துவிடும், வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். ஏறக்குறைய பாதி எடைக்குக் கெட்டித் தயிர் மிஞ்சும். மூன்று ஸ்பூன் பொடித்த சர்க்கரை, ஒரு ஸ்பூன் தேன், இரண்டு ஏலக்காய்ப் பொடி, ஒரே ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் அடித்துக் குழைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம். பழங்களைச் சாப்பிடும் நேரத்தில் நறுக்குங்கள். முன்னாடியே தயிரில் கலந்து வைத்தால் பழம் நீர் விட்டு எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். பச்சை அன்னாசி மட்டும் வேண்டாம். அதில் இருக்கிற நொதி தயிரின் புரதத்தை உடைத்து, நேரமாக ஆகக் கசக்க வைத்துவிடும். நாங்கள் வைத்தது பாருய்பூர் கொய்யா, ஆப்பிள், வாழைப்பழம், சீசன் முடியும் சமயத்து பஸ்லி மாம்பழம்.

துணி கட்டியது யார் தெரியுமா? அம்மாதான். மகள் கட்டிய முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "இங்க குடு" என்று வாங்கி, இட்லித் துணி அலசிப் பிழிகிற லாகவத்தில் ஒரு முறுக்கு முறுக்கி, குழாயில் மாட்டிவிட்டுப் போனார். பேசவில்லை.

ராத்திரி எட்டரைக்கு மகள் ஒரு தட்டில் பழத்தை அடுக்கி, நடுவில் கிண்ணம் வைத்து, ஆத்தாவின் முன்னால் நீட்டினாள். அம்மா தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பேத்தி கை வலிக்க நிற்கிறாளே என்றுதான் எடுத்தார் என்று நினைக்கிறேன். ஒரு வாழைப்பழத் துண்டு, நுனியில் கொஞ்சம் தயிர். மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்க்கிறோம்.

"பஞ்சாமிருதத்துல தயிரு உழுந்த மாதிரி இருக்குது" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை புத்தகம் தேடியும் எனக்குத் தட்டாதது! உடுமலைக்குப் பழனி பக்கம். தைப்பூசத்துக்கு நடந்தே போகிற ஊர் எங்களுடையது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் என்ன இருக்கிறது? மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடவே கற்கண்டும் பேரீச்சையும். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பிரசாதம். அதில் தயிர் கிடையாது. ஆனால் இங்கே வங்காளத்தில் பூஜைக்குக் கரைக்கும் பஞ்சாமிர்தம் என்ன? தயிர், பால், நெய், தேன், சர்க்கரை. நாட்டின் மற்ற பல பாகங்களிலும் இதுதான் கணக்கு. அதில் வாழைப்பழம் ஐந்தில் ஒன்றல்ல. பேர் ஒன்று, பட்டியல் இரண்டு. தேனும் நெய்யும் சர்க்கரையும் பொது. பழனி பழத்தை வைத்துக்கொண்டது, மற்ற ஊர்கள் தயிரையும் பாலையும் வைத்துக்கொண்டன. என் மகள் தட்டில் அந்தப் பழமும் இந்தத் தயிரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இவள் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. இரண்டு பக்கமும் வளர்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

அம்மா இரண்டாவது துண்டும் எடுத்தார், கொய்யா. "உப்பு ஒரு கல்லு சேத்திப் போடு" என்றார். போட்டோம். கூடத்தான் நன்றாக இருந்தது.

அட்டை எழுதும் நேரம் வந்தது. பெயர், செய்முறை எல்லாம் எழுதியாகிவிட்டது. 'எந்த ஊர் உணவு' என்ற இடத்தில் பேனா நின்றது. நான் வாயைத் திறந்தேன். பழனி என்று சொல்லலாமா, கல்யாணி என்று சொல்லலாமா, பழைய நூல்களை எல்லாம் ஒரு வரியில் நுழைக்கலாமா என்று யோசனை. அம்மா கையமர்த்தினார். "நீ சும்மா இருடா. அவளுக்கு எது ஊரோ அவ எழுதட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள், ஆத்தாவைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: பவானிபூர்.

தினமும் முப்பது நாற்பது கே.ஒய்.சி. படிவம் பார்க்கிறவன் நான். 'தற்போதைய முகவரி', 'நிரந்தர முகவரி' என்று இரண்டு கட்டம் இருக்கும். என்னுடைய எல்லாப் படிவத்திலும் இரண்டாவது கட்டத்தில் உடுமலை வீட்டு விலாசம்தான் போட்டு வருகிறேன், பத்து வருடமாக. என் மகளுக்கு இரண்டு கட்டமும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கொஞ்சம் வலித்தது என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அந்த முடிச்சைப் போட்டது உடுமலைக் கை என்பதும் பொய்யில்லை.

சனிக்கிழமை கிண்ணம் காலியாகித் திரும்பி வந்தது. அடுத்த வாரம் அம்மாவை ரயிலேற்றப் போனேன். ஹவுரா ஸ்டேஷனில் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த மஞ்சட்டித் தயிரு கோயமுத்தூரு போற வரைக்கும் தாங்குமாடா?"

தாங்காது அம்மா என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இப்படிக் கேட்டால், காலிச் சட்டியை மட்டுமாவது கழுவிக் கொடுத்து அனுப்புங்கள். நான் அதைத்தான் செய்தேன். இப்போது உடுமலை வீட்டில் அதில்தான் தயிர் உறைகிறதாம். சர்க்கரை போடாமல்.

டிஸ்கி: சர்க்கரை வியாதிக்காரர்கள் சர்க்கரையையும் தேனையும் விட்டுவிட்டு, ஏலக்காயும் உப்பும் மட்டும் போட்டுச் செய்து பாருங்கள். பழத்தின் இனிப்பே போதும், அதையும் அளவோடு. தங்கமணி என் தட்டுக்கு அப்படித்தான் செய்கிறார். ஏன் என்று கேட்காதீர்கள்.